ஒரு லோடு ஆற்றுச் சரளை

முத்துப்பேச்சி வயல் மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து வெண்கலக் கிண்ணத்தில் கரைத்தாள். அதைப் பஞ்சில் தொட்டு அண்ணன் ராக்கையாவின் உதட்டில் பிழிந்தாள்.

"அண்ணே, நம்ம ஓடைக்காட்டு மண்ணுண்ணே. முழுங்குண்ணே."

மண் தண்ணீர் கடைவாய் வழியே ஒழுகித் தலையணையில் இறங்கியது. மூச்சு முன்போலவே கர்கர்ரென்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"மண்ணாசைக்கு மண்ணக் கரைச்சு ஊத்தியாச்சு. பொன்னாசைக்கு மோதரத்த உரசி ஊத்தியாச்சு. மக வந்து பாலும் ஊத்திட்டா. இன்னும் எதுல உசுரு மாட்டிக்கிட்டு இழுக்குதுன்னு தெரியலையே மதினி!"

மூன்றாவது ஆசை ஒன்று உண்டு. அறுபதை நெருங்கிய மனுசனிடம் அதைப் போய் யார் கேட்பது? கால்மாட்டில் அவர் பெண்டாட்டி முருகம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவர் உயிர் எதில் மாட்டிக்கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ராக்கையாவுக்குக் கல் கிறுக்கு. வீடு கட்டுகிறபோது அஸ்திவாரக் கல்லிலிருந்து மாடிக்குப் போட்ட சல்லி வரைக்கும் அவரே தேடி, தட்டிப் பார்த்து, நக்கிப் பார்த்து வாங்கினார். ஊரில் மற்ற புருசன்மார் பெண்டாட்டியை டூரிங் கொட்டகைக்குக் கூட்டிப்போனால், இவர் கல் உடைக்கிற கரட்டுக்குக் கூட்டிப்போவார். புதுச்சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, சின்னமனூரில் பஸ் ஏறி, வெயில் கொளுத்துகிற மொட்டைக் கரட்டில் போய் இறங்கிய கதையை முருகம்மாள் சொன்னால் கேட்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சொல்கிற அவளும் சிரிப்பாள்.

வீடு முடிந்தது. வாசல்தான் முடியவில்லை. அத்தனையும் களிமண். ஆனிச் சாரல் பிடித்தால் கரண்டைக்கால் புதையும். மகளைப் பெண்பார்க்க வந்த சம்பந்தக்காரர் அதில் வழுக்கி விழுந்து, வேட்டியைக் கழுவிக் கட்டிக்கொண்ட பிறகுதான் பெண் பிடித்திருக்கிறது என்றே சொன்னார். ஒரு லோடு சரளை கொட்டினால் தீர்ந்துபோகிற காரியம். ஆனால் கண்ட சரளையையும் ராக்கையா வாசலுக்குள் விடுவாரா?

மஞ்சள்பையில் ஒரு சொம்பை வைத்துக்கொண்டு ஆறு ஆறாகப் போனார். ஒரு கை சரளையை அள்ளிச் சொம்புத் தண்ணீரில் போட்டுக் குலுக்குவார். தண்ணீர் கலங்கினால் அப்படியே கவிழ்த்துவிடுவார். "மண்ணைக் காசு குடுத்து வாங்கவா? அதான் நம்ம வாசல்லயே கெடக்கே!" கலங்காத கல்லிலும் குற்றம் கண்டுபிடிப்பார். உருண்டைக் கல் காலை வாருமாம், கூர்க்கல் காலைக் குத்துமாம். வீரபாண்டியில் பார்த்தார், கூடலூர் வரைக்கும் போய்ப் பார்த்தார். முருகம்மாள் கூடவே போனாள். திட்டிக்கொண்டேதான் போனாள், ஆனால் ஒரு தடவைகூட வரமாட்டேன் என்று சொன்னதில்லை.

"சரளை மட்டும் விழட்டும் புள்ள, வீட்டுக்கு நாயே வேணாம். வாறவுக ஆருன்னு காலுச்சத்தமே சொல்லிரும். நான் வாறது அடுப்படிக்கே கேக்கும். கேட்டதும் நீ தோசைக்கல்லை அடுப்புல போட்டுறலாம்."

"ஆமா, இவுக பெரிய ஜமீனு! சத்தம் கேட்டதும் நான் எந்திரிச்சு ஓடணுமாக்கும்" என்பாள்.

கடைசியில் போடிப் பக்கம் கொட்டகுடி ஆற்றில் கிடைத்தது. அன்றைக்குச் சொம்போடு வீட்டுக்குள் வந்தவர் முகத்தில் அப்படியொரு மாப்பிள்ளைக் களை.

"பாரு புள்ள, கலங்குதா? தங்கபாண்டி லாரிக்குச் சொல்லியாச்சு. ஒரு லோடு."

அந்த வாரமே பம்பு செட்டுக்குப் பக்கத்தில் விழுந்தார். ஒரு பக்கம் கையும் காலும் போயிற்று, பேச்சும் போயிற்று. தேனியில் டாக்டர் பார்த்துவிட்டு, வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்டது. மூடிக்கிடந்த ராக்கையாவின் கண் திறந்து வாசல் பக்கம் திரும்பியது. முருகம்மாள் அதைப் பார்த்தாள். தெருமுனைக்கு ஓடி லாரியை மறித்தாள்.

"இப்ப வேணாம் தம்பி. கொண்டு போயிரு."

"என்னக்கா, அண்ணன் அம்புட்டு ஆசையாச் சொன்னாகளே!" என்றான் தங்கபாண்டி.

"வேணாம்னா வேணாம்."

அவன் ஊர்க்கடைசிப் புளியமரத்தடியில் தட்டிவிட்டுப் போனான். முருகம்மாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சரளை வந்து விழுந்துவிட்டால் அப்புறம் அந்த மனுசனுக்கு இங்கே என்ன வேலை இருக்கிறது? இழுத்துக்கொண்டாவது கிடக்கட்டும், கண்ணெதிரே கிடந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அது நடந்து பத்து நாளாயிற்று. மண் கிண்ணத்தை வைத்துவிட்டு முத்துப்பேச்சி அண்ணனை ஒருக்களித்துப் பிடித்து முதுகைத் துடைத்தாள். படுக்கைப் புண்ணின் தோல் துணியோடு வந்தது. கத்துவதற்கு அவரிடம் குரல் இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கியது. அந்த நேரம் பார்த்து ரோட்டில் கம்பம் பஸ் ஒன்று லாரி மாதிரி உறுமிக்கொண்டு போனது. அழுகிற கண் அப்படியே வாசலைத் தேடிப் போனதை முருகம்மாள் பார்த்தாள்.

"அய்யோ, நான் ஒரு பாவி" என்று எழுந்தாள். "முத்துப்பேச்சி, அவுகளைப் பாத்துக்க. இந்தா வந்துர்றேன்."

சேற்றில் செருப்பில்லாமல் நடந்து தங்கபாண்டியிடம் போனாள். அவன் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. புளியமரத்தடியில் ஆள் விட்டு அள்ளிப்போட்டுக்கொண்டு பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டான். லாரி பின்னால் வந்து வாசலில் சரளையைத் தட்டியபோது வீடே அதிர்ந்தது.

"மதினி, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? சாகக் கெடக்கிற வீட்டுல லோடு எறக்குற!"

முருகம்மாள் உள்ளே போனாள். மஞ்சள்பையிலிருந்த சொம்பை எடுத்துத் தண்ணீர் மொண்டாள். குவியலிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டுக் குலுக்கினாள். உள்ளே வந்து அவர் தலையை மடியில் தாங்கிச் சொம்பைக் கண்ணுக்கு நேரே சாய்த்துப் பிடித்தாள்.

"இங்கன பாருங்க. வாசல்ல எறக்கியாச்சு. கலங்குதா? கலங்கலீல?"

ராக்கையா பார்த்தார். கண் சொம்பைவிட்டு நகரவில்லை. பிறகு மெல்ல அவள் முகத்துக்கு வந்தது.

அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து ஊற்றினாள். ஒழுகவில்லை, தொண்டை அசைந்து உள்ளே போயிற்று. இன்னொரு கரண்டியும் போயிற்று. மூன்றாவது கரண்டி வாயிலேயே நின்றது.

"அண்ணே!" என்று முத்துப்பேச்சி அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். முருகம்மாள் முந்தானையால் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, சொம்பைத் தண்ணீர் சிந்தாமல் ஓரமாக வைத்தாள்.

மறுநாள் காலையில் பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்கப் போகிறதற்கு முன்னாலேயே பங்காளிகள் சரளையை வாசல் பூராவும் இழுத்துப் பரப்பிவிட்டார்கள். சாரல் நிற்கவே இல்லை. ஆனாலும் தூக்கிக்கொண்டு போனவர்களில் ஒருத்தர் கால்கூட வழுக்கவில்லை. கேதத்துக்கு வந்த பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொண்டார்கள். முருகம்மாள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

மத்தியானம் வாசலில் சரளை நெரிபடுகிற சத்தம் கேட்டது. ஒன்றிரண்டாக ஆரம்பித்து நிறையக் கால்கள் வந்தன.

"மதினி, மதினி! எங்க எந்திரிச்சுப் போற?"

முருகம்மாள் காதில் அது விழவில்லை. விடுவிடுவென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். சுடுகாட்டுக்குப் போனவர்கள் குளித்துவிட்டு ஈரவேட்டியோடு வாசலில் வந்து நின்றார்கள். முத்துப்பேச்சி அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

நேற்றிலிருந்து மூட்டாத அடுப்பின்மேல் தோசைக்கல் இருந்தது.