பானெட்டுக்குள் வெயில்

அடையாறு சிக்னலில் பச்சை விழுந்த நேரம் பார்த்து கார் நின்றுபோனது. இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. பின்னால் பேருந்துக்காரன் அலறவிட்ட ஹாரனில் மேகலாவுக்குக் காது அடைத்துப்போயிற்று.

"சொன்னேன்லா மதினி? இது குளிர் தேசத்துக்குச் செஞ்ச வண்டி. சித்திரை வெயில் தாங்குமா?" பக்கத்து இருக்கையிலிருந்து கணேசமூர்த்தி ஆரம்பித்தான். அவள் கணவர் கங்காதரனின் தம்பி, தி. நகரில் ஜவுளிக்கடை.

கங்காதரன் போய் எட்டு மாதம். அவர் பிள்ளைபோல் வளர்த்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் இது. பெசன்ட் நகர் போய்த் திரும்புவதற்குள் நின்றால் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிடுவதென்று காலையில்தான் பேசியிருந்தார்கள்.

பைக்கில் பின்தொடர்ந்து வந்த மெக்கானிக் வைரவன் காரை ஓரம் தள்ளினான். இருவரும் இறங்கினார்கள். பானெட்டைத் தொட்டுவிட்டு, சூட்டில் திறக்க முடியாமல் கையை உதறினான்.

"என்ன வைரவா, சூடு தாக்காம நடுவுல தகடு வெச்சாச்சு. புகைக்குழாய்க்குத் துணி சுத்தியாச்சு. கார்புரேட்டருக்கு அடியில பேக்கலைட் கட்டையும் குடுத்தாச்சு. இன்னும் ஏன் பெட்ரோல் கொதிக்குது?"

"நான் இன்னாக்கா பண்றது? சூடு வெளிய போவாம உள்ளயே சுத்திக்கினு கீது. ஈரத்துணி போட்டா பத்து நிமிசத்துல ஸ்டார்ட் ஆய்டும்."

"அடுத்த சிக்னல்ல நிக்கும்."

"அங்கயும் தண்ணி கெடைக்கும்க்கா."

அவனை அறையலாமா என்றிருந்தது. துணி நனைக்க அவன் டீக்கடைக்குப் போனான். நிற்கும்போதெல்லாம் அவன் உடனே பானெட்டைத் திறந்துவிடுவதால் அதன் மேற்பக்கத்தை யாரும் உற்றுப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். 'கங்காதரன் நினைவாக' என்று அகலமாய் ஒரு ஸ்டிக்கர். அவர் போனபின் முதல்முறையாகப் போன மாதம் காரை வெளியே எடுத்த அன்று, எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு கணேசமூர்த்தி ஒட்டியது. அது அப்பளம் போல் உப்பியிருந்தது.

மேகலா விரலால் அழுத்தினாள். அடியில் வரிசையாகப் பிளவுகள். சூடு வெளியேற வழி வேண்டுமென்று கங்காதரன் தன் கையால் வெட்டியவை. "நல்ல தகரத்தை அறுக்கானே" என்று அன்று இதே தம்பிதான் புலம்பினான்.

அவள் ஸ்டிக்கரின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தாள்.

"மதினி! அண்ணன் பேரு!"

"தெரியுது தம்பி. உங்க அண்ணன் வெட்டின அத்தனை ஓட்டையையும் அவர் பேராலயே அடைச்சு வெச்சிருக்கீங்க."

பசை இளகியிருந்தது. 'கங்' மட்டும் கிழிந்து கையோடு வந்தது. குப்பென்று அனல் முகத்திலடித்தது. கணேசமூர்த்தி கிட்டே வந்தான். பிறகு குனிந்து மறுமுனையைப் பிடித்தான்.

"மெதுவா இழுங்க, பெயின்ட் போயிரும்" என்றான்.

அதன்பிறகு கார் பெசன்ட் நகர் போயிற்று. திரும்பி வரும்போது அதே சிக்னலில் முழுதாக இரண்டு நிமிடம் நின்று உறுமியது, அணையவில்லை. கணேசமூர்த்தியின் மடியில் ஸ்டிக்கர் துண்டுகள் கிடந்தன. எறியவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் வழி தெரியவில்லை.

"கோயம்புத்தூர்க்காரருக்கு என்ன சொல்ல, மதினி?"

"இல்லைன்னு சொல்லுங்க. இன்னொரு ஸ்டிக்கர் மட்டும் அடிச்சிட்டு வந்துராதீங்க."