சாய்மேசையில் பல்லி

சுவரில் ஒட்டினால் லேசில் இறங்கமாட்டான் என்பதால் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் பல்லி. இருபத்திரண்டு வருடம் இரும்புக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டுத் தட்டாக ஏறியவனை, இப்போது ஒரு மேசையில் கிடத்தி மார்பிலும் முழங்காலிலும் வாரால் கட்டிக்கொண்டிருந்தாள் நர்ஸ்.

"ஓடிடுவேன்னு பயமா சிஸ்டர்?"

"ஓடுனா ஓடுங்க. விழுந்தாதான் நான் பதில் சொல்லணும்."

நிற்கும்போது மயக்கம் வருகிறதா என்று பார்க்க டாக்டரம்மா மேசையை மெல்ல நிமிர்த்தினார். கட்டுண்டபடியே நின்றான் பல்லி. மூலை நாற்காலியில் மனைவி, அவன் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு. முந்தாநாள் சமையலறையில் பொத்தென்று சரிந்தவனை இங்கே இழுத்து வந்தவள் அவள்தான்.

"என் தம்பி போனதுலேர்ந்துதான் டாக்டர் இப்படி. ரெண்டு மாசமாச்சு. சோறும் இறங்கல, தூக்கமும் இல்ல. அதுக்கு முன்னாடி தலவலின்னுகூடப் படுத்ததில்ல மனுசன்."

பல்லி கூரையைப் பார்த்தான்.

சாரத்தில் ஒரு முறை உண்டு. மேலே நிற்பவன் குழாயை இறக்கி "பிடி" என்பான். கீழ்த் தட்டில் நிற்பவன் "பிடிச்சேன்" என்ற பிறகுதான் கையை விடவேண்டும். அன்றைக்குக் கீழ்த் தட்டில் நின்றது மச்சினன். குழாய் அவனையும் சேர்த்து வாரிக்கொண்டு ஒன்பது தட்டு இறங்கியது. பிடிச்சேன் என்று சொல்லிவிட்டு நழுவவிட்டான் என்று கம்பெனி எழுதிக்கொண்டது. அவர்களிடம் அப்படிச் சொன்னது பல்லி. செத்தவன் வந்து மறுக்கவா போகிறான்?

மனைவிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "அவன் வாய் சொன்னா கை பிடிச்சிருக்குங்க," என்பாள், ஒவ்வொரு முறை அழுது ஓயும்போதும்.

கொஞ்ச நேரத்தில் காது அடைத்தது. அறை ஒரு பக்கமாக வழுக்கியது. பழகின உடம்பு தானாக வேலையைத் தொடங்கிற்று. தொடை இரண்டையும் இறுக்கி, முஷ்டியை மடக்கி, அடிவயிற்றை எக்கினான். உயர வேலைக்கான வருடாந்தரச் சோதனையில் தலைசுற்றல்காரர்கள் ஒருவருக்கொருவர் காதில் ஓதுகிற வித்தை அது. இறுக்கினால் ரத்தம் மேலே ஏறும், ஆள் தப்பிப்பான், மேலே ஏறலாம் என்று சீட்டு கிடைக்கும்.

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவன் தொடையைப் பார்த்தார்.

"இறுக்காதீங்க. சுத்தி விழாதவனுக்கு இது தெரியாதே. யாரு சொல்லிக் குடுத்தா?"

"தொழில்ல... எல்லாரும் செய்றதுதான்."

"உங்க காதுக்குள்ள நிலை பாக்குற இடம் பழுது. அது தப்பா சேதி சொன்னா தலை மட்டும் சுத்தாது, இதயமும் அந்தச் சேதியக் கேக்கும். வேகமா அடிக்க வேண்டிய நேரத்துல உங்களுது அடங்குதுன்னு நெனைக்கிறேன். நீங்க இறுக்கினா எனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா மாத்திரை எழுதி அனுப்பிடுவேன். அப்புறம் உங்க இஷ்டம்."

மனைவி அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த நூலைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள்.

பல்லி தொடையைத் தளர விட்டான்.

டிக் டிக் என்றிருந்த இயந்திரம் இடைவெளி விட்டது. இன்னும் கொஞ்சம் விட்டது. பிறகு சத்தமே இல்லை.

கண் விழித்தபோது மேசை படுத்திருந்தது. நர்ஸ் அவன் நெற்றியைத் துடைத்தாள்.

"இதயம் நாலு செகண்டு நின்னுபோச்சு," என்றார் டாக்டர். "எத்தன மாசமா சுத்துது?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான்.

"ஆறு மாசமா."

மனைவிக்குக் கணக்குப் போட நேரமாகவில்லை. எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"அன்னைக்கும் சுத்துச்சா?"

"ம்."

"அவன் பிடிச்சேன்னு சொன்னானா?"

"இல்ல. சொல்றதுக்குள்ள விட்டுட்டேன்."

அவள் அழவில்லை. மடித்த சட்டையை அவன் வயிற்றின்மேல் வைத்தாள்.

"ஒரேயடியா எந்திரிக்காதீங்க. உக்காந்து, அப்புறம் எறங்குங்க," என்றாள், பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்வதுபோல.

எழுவதற்குக் கையை நீட்டினான். அவள் தன் பையை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள். நர்ஸ்தான் பிடித்துக்கொண்டாள்.