வாலில் சந்தனம்

என் வீட்டுக்காரர் ரத்தினவேலுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஒன்பது வருடம் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று ஆனி மாதம் ஆலங்குடிக்குத் திரும்பி வந்தார். வந்த மூன்றாம் நாளே மிக்ஸியைக் கழற்றினார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து சீலிங் ஃபேன். அதற்கடுத்து என் நாற்றுப் பண்ணை. முந்திரி ஒட்டுக்கன்றுகளை வாங்க வருகிறவர்கள் கைக்கு எட்டுகிற மாதிரி வரிசையாக வைத்திருந்தேன். எல்லாவற்றையும் தண்ணீர்க் குழாய்க்குத் தோதாக மாற்றி அடுக்கிவிட்டு, "இப்ப எப்புடி இருக்கு?" என்று என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு நான் பேசிய பேச்சை எழுத்தில் வைக்க முடியாது.

ஒன்பது வருடம் தனியாளாகக் குடும்பத்தை இழுத்தவள் நான். பண்ணை போட்டது நான், மகளைத் திருச்சியில் காலேஜில் சேர்த்து ஹாஸ்டலில் விட்டது நான். அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு ஆள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை கையில் ஸ்க்ரூ டிரைவரோடு இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தால் எரிச்சல் வராதா? வந்தது. வாயைத் திறந்தாலே வசவுதான். "இவரு எப்பத்தான் கெளம்புவாரோன்னு இருக்குடி" என்று தங்கையிடம் போனில்கூடச் சொன்னேன்.

ஆவணியில் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரிக்கு ஏசி ரிப்பேருக்குக் கூப்பிட்டார்கள். போனவர் ஒரு நீள அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினார். லேப் பீரோ மேல் இரண்டு வருடமாகத் தூசி தின்றுகொண்டிருந்ததாம். உள்ளே ரிமோட்டில் பறக்கிற கிளைடர், துண்டு துண்டாக. இன்ஜின் கிடையாது. ரப்பர் குழாயும் நைலான் நரம்புக் கயிறும் கட்டி உண்டிவில் மாதிரி இழுத்து மேலே விடவேண்டும். அதற்கப்புறம் காற்றுதான் தாங்கவேண்டும். ரிமோட்டை வைத்துக்கொண்டு திருப்பலாம், அவ்வளவுதான்.

"மலைச்சரிவுல பறக்குறதுக்குன்னு செஞ்சது இது. நம்ம ஊரு தரைக்கு நிக்காது. மாத்தணும்" என்றார். அவர் கண்ணில் நான் வெகுநாளாகப் பார்க்காத ஒன்று இருந்தது.

கல்லூரியின் துறைத்தலைவர் பரிமளா மேடம் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். மோட்டார் இல்லாமல் அதை இரண்டு நிமிடம் ஆகாயத்தில் நிறுத்திக் காட்டினால் பட்டறை இன்ஸ்ட்ரக்டர் வேலை. காட்டாவிட்டால் வேலை இல்லை. அதே வாரம் மஸ்கட்டிலிருந்து வேறொரு கம்பெனி விசா அனுப்பியது. விஜயதசமி கழிந்த ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட். ஆக, அந்தக் கட்டைக் குருவி பறந்தால் மனுஷன் ஊரில் இருப்பார், பறக்காவிட்டால் மனுஷன் பறந்துவிடுவார்.

ஒரு மாதம் வீடே பட்டறையானது. நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழுகிற பல்சாக் கட்டையை வாங்கி இறக்கையை இரண்டு பக்கமும் ஒரு சாண் நீட்டினார். மேலே ஒட்டியிருந்த தடித்த தாளை உரித்துவிட்டு மெல்லிசான தாளை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டினார். என் இஸ்திரிப் பெட்டிதான். நான் விதை நிறுக்கிற சின்னத் தராசையும் எடுத்துக்கொண்டார். பசையைக்கூடச் சுரண்டி நிறுத்தார். கம்பெனி ஸ்டிக்கரைப் பிய்த்து எறிந்துவிட்டு, "முக்கால் கிராம் மிச்சம்" என்று சந்தோஷப்பட்டார். ஜெகதாப்பட்டினத்திலிருந்து வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகள் வரவழைத்து மூக்குக்குள் வைத்தார். பிறகு அதிலும் ஒவ்வொன்றாக எடுத்தார்.

இறக்கைக்கு அடியில் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்திருந்தார். இரண்டு விரல் நுனியால் அந்தப் புள்ளிகளைத் தாங்கித் தூக்கினால் கிளைடர் தராசு முள் மாதிரி நேராக நிற்கவேண்டும். சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு தரம், கை கழுவியபின் ஒரு தரம் தூக்கிப் பார்ப்பார். "புள்ளையக்கூட இத்தன தடவ தூக்கலையே" என்றேன். இன்னொரு தரம் தூக்கிப் பார்த்தார்.

ஆயுத பூஜை வந்தது. மண்வெட்டி, ஒட்டுக்கட்டும் கத்தி, ஸ்கூட்டி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தேன். கிளைடரும் தொழில்தானே என்று அதையும் எடுத்து வந்து வைத்தேன். மூக்கைத் தொடக்கூடாது என்று மாதம் முழுக்கக் கத்தியிருந்தாரே, அதனால் பொட்டை வாலில் வைத்தேன். மனசு நிறைய வைத்தேன். குறுக்குச் சிறகில் மூன்று, நெட்டுச் சிறகில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, ஸ்கூட்டிக்கு வைப்பது போலவே சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அப்பி, மேலே குங்குமம். அவர் சூடம் ஒத்திக்கொண்டார்.

விடிந்து விஜயதசமி. லீவு நாள் என்றாலும் நல்ல நாள் என்று பரிமளா மேடமே கல்லூரிக்குப் பக்கத்துக் கண்மாய்க்கு வரச் சொல்லியிருந்தார். கிளம்பும்போது என் வீட்டுக்காரர் வழக்கம்போல இரண்டு விரலில் கிளைடரைத் தூக்கிப் பார்த்ததைச் சமையலறையிலிருந்து கவனித்தேன். கீழே வைத்தார். ஒன்றும் பேசவில்லை. சரியாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் கூடப் போனேன். கண்மாய் வறண்டு கிடந்தது. மேடம் காரைக் கருவேல நிழலில் நிறுத்திவிட்டு, போனில் ஸ்டாப் வாட்சைத் திறந்து வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் முளையடித்து, கயிறு இழுத்து, விட்டார். கிளைடர் விர்ரென்று ஏறியது. கயிறு கழன்றதும் மூக்கைத் தூக்கியது, அப்படியே நின்றது, பிறகு தலைகுப்புறச் சரிந்தது. மறுபடி மூக்கைத் தூக்கி, மறுபடி நின்று, மறுபடி சரிந்து. அவர் ரிமோட்டில் என்ன செய்தும் கேட்கவில்லை. கண்மாயின் அந்தக் கோடியில் புழுதி கிளம்பியது.

"நாப்பத்தொரு செகண்ட்" என்றார் மேடம். "இன்னொரு தடவ பாக்கலாங்க சார். அதுக்கு மேல எனக்கு நேரமில்ல."

எடுத்துவர இரண்டு பேரும் நடந்தோம். அது போகாவிட்டால் இவர் போய்விடுவார் என்பது அந்த வெயிலில்தான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அது ஒரு தேதி. இப்போது என் முன்னால் நடக்கிற முதுகு. மிக்ஸியைக் கழற்றட்டும், கன்றையெல்லாம் தலைகீழாக அடுக்கட்டும், இந்த மனுஷன் வீட்டில் இருக்கட்டும் என்று இருந்தது.

கிளைடருக்கு ஒன்றும் ஆகவில்லை. இறக்கைத் தாள் ஒரு விரல் நீளம் கிழிந்திருந்தது. அவர் டேப் ஒட்டும்போது நான் பென்சில் புள்ளிகளில் விரல் வைத்துத் தூக்கினேன். வால் பொத்தென்று கீழே போனது. காய்ந்து வெடித்த சந்தனம் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

"என்னங்க, நாந்தான் கெடுத்தேன். இந்தச் சந்தனம்..." என்று சொல்லவந்தவள் நிறுத்தினேன். காலையில் அவர் தூக்கிப் பார்த்தாரே.

"நீங்க காலையிலயே பாத்தீங்கள்ல?"

டேப்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஒங்களத்தான் கேக்குறேன். வாலு கனம்னு தெரிஞ்சேதான் விட்டீங்களா?"

"நீ வச்ச சந்தனம். அழிக்க வேணாம்னு பாத்தேன்."

"பொய் சொல்லாதீங்க. முக்கா கிராமுக்கு ஸ்டிக்கர பிச்சு எறிஞ்ச ஆளு."

அவர் நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "விழுந்தா விழட்டும்னு விட்டேன். எப்ப கெளம்புவாருன்னு ஒன் தங்கச்சிட்ட கேட்டியே, பண்ணைல நின்னுக்கிட்டு. நான் மோட்டார் ரூம்ல இருந்தேன். நான் போனா நீ நிம்மதியா இருப்பேல்ல?"

மறுக்க முடியாது, சொன்னது நான்தான். தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து முந்தானையை நனைத்தேன். வாலைத் துடைத்தேன். தாள் மெல்லிசு என்று தெரியும், அழுத்தாமல் துடைத்தேன். முந்தானை முழுக்க மஞ்சளும் சிவப்பும் ஆனது. "விடு அருணா" என்றார். விடவில்லை. துடைத்து முடித்து அவர் கையில் கொடுத்து, "தூக்குங்க" என்றேன். தூக்கினார். நேராக நின்றது.

இரண்டாவது தடவை கயிறு கழன்றதும் அது மூக்கைத் தூக்கவில்லை. ஒன்றுமே நடக்காதது போலப் போய்க்கொண்டிருந்தது. அவர் கட்டைவிரல் ரிமோட்டில் மெல்ல அசைந்தது. அது கண்மாய்க் கரைமேல் திரும்பியது. கரையோரம் வெந்த மண்ணிலிருந்து எழுந்த காற்று அதை இன்னும் கொஞ்சம் உயர்த்தியது. மேடம் தூரத்தில் இருந்தார். நான் என் வீட்டுக்காரருக்கு ஒரு எட்டு பின்னால் நின்றிருந்தேன்.

"போகாதீங்க" என்றேன்.

அவர் திரும்பினார். மேலே கிளைடர் ஒருபக்கம் சாய்ந்தது.

"என்னப் பாக்காதீங்க, அதப் பாருங்க!"

பார்த்தார். அது நிமிர்ந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "இந்த ஒம்போது வருசத்துல ஒரு தடவ இதச் சொல்லிருக்கியா?"

"சொல்லிருந்தா?"

"போயிருக்க மாட்டேன்."

திருச்சி ஏர்போர்ட்டுக்கு அஞ்சு தடவை வழியனுப்பப் போயிருக்கிறேன். அஞ்சு தடவையும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று என் முகத்தைப் பார்ப்பார். நான் பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டீங்களா என்று கேட்பேன். அழுதால் அவர் மனசு கஷ்டப்படும் என்று அந்தக் கேள்வியை வீட்டிலிருந்தே தயாராக வைத்துக்கொண்டு போவேன்.

"ரெண்டு நிமிசம் தாண்டியாச்சு சார், எறக்குங்க!" என்று மேடம் கருவேல நிழலிலிருந்து கத்தினார். இவர் காதில் விழவில்லை. நான்தான் சொல்லியிருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் பேசுகிற நான் "எறக்குங்க" என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லாமல் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன்.