கெட்டியான மொங்கே

மால்சுன்னின் கட்டைவிரலுக்கு அந்தக் கடற்கரையில் ஒரு பேர் இருந்தது. மிதவைக் கொட்டகையில், கயிற்றில் வளர்த்துத் தின்னும் மொங்கே என்ற கடற்பிராணியை அறுக்கும் பெண்கள் பதினைந்து பேர் இருந்தாலும், ஒரு மொங்கே நல்லதா கெட்டதா என்று சந்தேகம் வந்தால் அவளிடம்தான் நீட்டுவார்கள். செக்கச் செவேலென்று, உடம்பெல்லாம் முண்டும் முடிச்சுமாக, தலையில் இரண்டு வாயோடு இருக்கும் அந்தப் பிராணியை அவள் ஒரே ஒரு தரம் அழுத்துவாள். நல்ல மொங்கே என்றால் முகத்தில் தண்ணீரைப் பீச்சிவிட்டு இரண்டு வாயையும் சடக்கென்று மூடிக்கொள்ளும். நோய் கண்டது மூட மறந்து சோம்பிக் கிடக்கும். பத்து நாள் போனால் அதன் தோல் நனைந்த அட்டைபோல் ஊறிக் கிழிந்து, உள்ளே இருக்கும் மஞ்சள் சதை கடலோடு போய்விடும். ஊரில் அதற்கு மெத்து நோய் என்று பேர். அந்தப் பேரைச் சாப்பிடும்போது யாரும் சொல்ல மாட்டார்கள்.

அவள் கணவன் சாங்பே பூசான் நகரத்தில் கடை வைத்து நொடித்துப்போய், தோங்யோங்குக்குத் தெற்கே இருக்கும் இந்த ஊரில் அண்ணன் வீட்டுப் பின்னறைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. அண்ணன் பில்து பெரிய பண்ணைக்காரன். வளைகுடாவில் பாதி அவன் கயிறுகள்தான். தம்பிக்கு அறை கொடுத்தான், சோறு போட்டான். இரண்டுக்கும் வட்டியாகத் தினமும் நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கினான்.

போதாக்குறைக்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்து சங்கக் கட்டடத்தில் பேசிவிட்டுப் போனாள். மொங்கே குஞ்சாக இருக்கும்போது தவளைக் குஞ்சு மாதிரி வாலோடு நீந்துமாம். கண்ணும் உண்டு, துளி மூளையும் உண்டு. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் இடம் தேடி அலையும். பிறகு ஒரு கல்லிலோ கயிற்றிலோ தலைகுப்புற ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் வாலைத் தின்னும், கண்ணைத் தின்னும், இனி எதற்கு என்று மூளையையும் தின்றுவிட்டுச் சாகும்வரை தண்ணீர் குடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். பில்துவுக்கு அன்றைக்கு அல்வா சாப்பிட்டது மாதிரி இருந்தது.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கும்மா. பூசான்ல நீந்திட்டு வந்து என் பின்னறையில ஒட்டிக்கிச்சு. மூளையத் தின்னு மூணு வருஷம் ஆச்சு" என்றான்.

கட்டடமே சிரித்தது. சாங்பேயும் சிரித்தான். மால்சுன்னுக்கு அண்ணன் சொன்னதைவிடத் தம்பி சிரித்ததுதான் பொறுக்கவில்லை.

ஆனாலும் அவளுக்கு ஒரு பிடி இருந்தது. முதல் வருஷமே பில்து தன் பண்ணை ஓரத்தில் கொஞ்சம் கடலை ஒதுக்கி, "இதுல போட்டுப் பொழச்சுக்கோங்க" என்று சொல்லியிருந்தான். பருங்கயிறுகளையும் அவன்தான் கொடுத்தான். குஞ்சு ஒட்டிய மெல்லிய நார்க்கயிற்றை அந்தப் பருங்கயிற்றில் சுற்றிக் கடலில் தொங்கவிட்டால் இரண்டு வருஷத்தில் கைப்பிடி அளவு மொங்கே. இந்த வசந்தத்தில் முதல் அறுப்பு. அறுத்ததும் தோங்யோங்கில் சின்ன வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போய்விடுவது என்று புருஷனிடம் சொல்லிவைத்திருந்தாள். அவனும் சரி சரி என்று தலையாட்டியிருந்தான்.

மார்ச் மாதம் ஒரு காலையில் தன் கயிற்றை இழுத்து அழுத்திப் பார்த்தாள். வாய் மூடவில்லை. அடுத்ததும் மூடவில்லை. ஊர் வழக்கப்படி ஒளிக்காமல் நேரே பில்துவிடம் போய்ச் சொன்னாள்.

"பெரியத்தான், எங்க கயித்துல மெத்து கண்டிருக்கு. இன்னைக்கே இழுத்து, மொங்கேயப் பொதைச்சுட்டுக் கயித்த எரிச்சிடலாம். உங்க கயிறு பக்கத்துல இருக்கு."

பில்துவின் முகம் வெளுத்தது. அவள் அதைத் தன் நஷ்டத்துக்காக வெளுத்த முகம் என்று நினைத்து நன்றிகூடப் பட்டாள். பாவம், அவளுக்கும் சில நேரம் புத்தி மட்டுதான்.

கயிறுகளைக் கரையில் குவித்தபோதுதான் பார்த்தாள். பருங்கயிற்றின் நுனிகளில் நீலச் சாயம் மங்கித் தெரிந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் மெத்து நோயில் அழிந்த பில்துவின் கீழ்ப்பண்ணைக் கயிறுகளுக்கு அடையாளமாகப் பூசியிருந்த நீலம் என்று கொட்டகைப் பெண்கள் சொன்னார்கள். நோய் கண்ட கயிற்றை எரித்துவிட வேண்டும். அது அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். கிருமி கயிற்று இடுக்கில் வருஷக்கணக்கில் தூங்கும். பில்து எரிக்கவில்லை. நல்ல கயிறாயிற்றே என்று கொட்டடியில் வைத்திருந்து தம்பிக்குத் தானம் செய்திருக்கிறான்.

சங்கம் கூடியது. யார் கயிற்றால் நோய் வந்ததோ அவருக்குக் கடலில் இடம் கிடையாது என்பது சட்டம். பில்து முந்திக்கொண்டான். "பூசான்ல எவன்கிட்டயோ மலிவா பழங்கயிறு வாங்கிட்டு வந்து என் பக்கத்துல தொங்கவிட்டிருக்காங்க. நான் வீட்டுக்குள்ளயே பாம்ப வளத்திருக்கேன்" என்றான்.

மால்சுன் எழுந்தாள். "கயிறு இவர் குடுத்தது. நுனியில இவரோட நீலம் இருக்கு, வந்து பாருங்க."

"நீலச் சாயம் கடையில எல்லாருக்கும்தான் விக்கிறான்" என்றான் பில்து. பிறகு தம்பி பக்கம் திரும்பினான். குரல் தேன் மாதிரி இருந்தது. "சாங்பே, நீயே சொல்லுடா. கயிறு நான் குடுத்தேனா?"

சங்கத் தலைவர் சாங்பேயைப் பார்த்தார். ஊரே பார்த்தது. மால்சுன் பார்க்கவில்லை. அவன் உண்மையைச் சொல்வான் என்று அவ்வளவு நம்பிக்கை.

"இல்லீங்க" என்றான் சாங்பே. "நாங்கதான் வாங்குனோம். இவ மலிவா கெடைக்குதுன்னா."

அவர்களுடைய கடல் போயிற்று. அன்று சாயங்காலம் பில்து தம்பியைக் கூடத்தில் உட்காரவைத்துத் தன் கையால் சோஜு சாராயம் ஊற்றினான். "படகுல ஆள் வேணும். மாசக் கூலி தர்றேன். பின்னறையிலயே இரு, எங்க போகப்போற?" சாங்பே இரண்டு கையாலும் கிண்ணத்தை ஏந்தி, முகத்தைத் திருப்பிக் குடித்தான், பெரியவர் முன்னால் குடிக்கும் மரியாதையோடு.

அறைக்கு வந்ததும் மால்சுன் கேட்டாள். "ஏன் அப்படிச் சொன்ன?"

"அண்ணன் இல்லாம நாம என்னடி பண்ணுவோம்? இப்ப என்ன கெட்டுப்போச்சு? சோறு இருக்கு, எடம் இருக்கு."

"பெரியத்தான் சொன்னது சரிதான். நீ தின்னுட்ட. ஒண்ணும் பாக்கி இல்ல."

அவனுக்குக் கோபம் வரும், அறைவான், அழுவான் என்று எதிர்பார்த்தாள். அறைந்திருந்தால்கூட அவனை மன்னித்திருப்பாள். அவன் சிரித்தான். சங்கக் கட்டடத்தில் சிரித்த அதே சிரிப்பு. பிறகு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிப்போனான்.

பூசானில் அவள் தங்கை மீன் கடை வைத்திருக்கிறாள். வந்துவிடு என்றாள். மால்சுன் பையைக் கட்டிக் கொட்டகையில் வைத்துக்கொண்டு, மத்தியான பஸ்ஸுக்கு முன்னால் அரை நாள் அறுத்து முடித்தாள். கத்தியைக் கழுவும்போது பில்து வந்தான், பின்னால் சாங்பே ஒரு கூடையோடு. பில்து அவளோடு பேசிப் பத்து நாளாகிறது. இருந்தும் அந்தக் கட்டைவிரலை விட்டால் அவனுக்கு வேறு வழியில்லை.

"போறதுக்கு முன்னாடி இத ஒரு அழுத்து அழுத்திட்டுப் போம்மா. உங்க எடத்துக்குப் பக்கத்து வரிசையில எடுத்தது. மே மாசம் வெல ஏறும்ங்கிறாங்க. சந்தேகம்னா சொல்லு, அந்த வரிசைய இப்பவே வெட்டி எறிஞ்சிட்டு மிச்சத்தக் காப்பாத்திக்குவேன். நல்லதுன்னா மே வரைக்கும் விட்டுவைப்பேன்."

மால்சுன் கூடைமேல் குனிந்து ஒன்றை எடுத்து, வாயைத் தன் பக்கம் திருப்பி அழுத்தினாள். தண்ணீர் மெதுவாகக் கசிந்தது. இரண்டு வாயும் திறந்தபடியே இருந்தன. இன்னொன்று, அதுவும் அப்படியே. இன்று ஒரு வரிசையை வெட்டினால் வளைகுடா பிழைக்கும். விட்டுவைத்தால் மே மாதத்தில் வெட்ட ஒன்றும் இருக்காது.

எதிரே சாங்பே நின்றான். "இவ சொன்னா சரியா இருக்கும்ண்ணே. இவ விரல் பொய் சொல்லாது" என்றான், அண்ணனுக்கு ஒத்தாசையாக.

அவள் மொங்கேயைக் கூடையின் அடியில் வைத்து, மேலே நாலைந்தைத் தள்ளி மூடினாள். "கெட்டியா இருக்கு பெரியத்தான். பயமில்லாம மே வரைக்கும் விடுங்க."

பில்துவின் முகம் மலர்ந்தது. "நல்ல வார்த்தை சொன்னம்மா" என்றான். அவளுக்கு வயிறு குளிர்ந்தது. இவ்வளவு குளிரும் என்று அவளுக்கே தெரியாது, அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

சாங்பே பையை பஸ் நிறுத்தம்வரை தூக்கி வந்தான். "எப்ப வருவ?"

"மே மாசம் கழிச்சு சொல்றேன்."

சரி சரி என்று தலையாட்டினான். பஸ் கிளம்பும்வரைகூட நிற்கவில்லை. கூடையை அண்ணன் தேடுவான் என்று கொட்டகைப் பக்கம் வேகமாகத் திரும்பி நடந்தான்.