நாற்பத்தொன்று மாடியேறி வந்தாள்

தையல்காரிக்கு நான்கு வருடமாகத் தீராத அசதி நோய். பத்து நிமிடம் நின்றால் பத்து நாள் படுக்கைதான். தினமும் கொஞ்சம் கூடுதலாக நடந்தால் இந்த நோய் போகுமா என்று பார்த்த ஆராய்ச்சியில் அவளும் இருந்தாள். அங்கே அவள் பெயர் நாற்பத்தொன்று. நடந்தாள், விழுந்தாள், எழ முடியாமல் ஆனதும் அங்கே போவதை நிறுத்திவிட்டாள். அறிக்கை வந்தது. நாற்பத்தொன்று குணமடைந்தார் என்று போட்டிருந்தது. வராதவள் நலமாகித்தான் வரவில்லை என்று அந்த மகராசர்களே முடிவு கட்டிவிட்டார்கள்!

தன்னோடு போயிருந்தால் தலையெழுத்து என்று விட்டிருப்பாள். இப்போது தங்கைக்கும் அதே நோய். அந்த அறிக்கையை நம்பி, திங்கட்கிழமை முதல் அவளையும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

ஆராய்ச்சிக் குழு நோயாளிகளைக் கூட்டத்துக்கு அழைத்தது. தையல்காரி நான்கு நாள் அசையாமல் படுத்துத் தெம்பு சேர்த்தாள். பேச வேண்டியதை மனப்பாடம் செய்தாள். புருஷன் அவளைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினான். வாசலில், "இறக்கி விடுங்க, உள்ள நானே நடந்து போறேன்" என்றாள். ரோஷக்காரி.

"நான்தாங்க நாற்பத்தொண்ணு. எனக்குக் குணமாகல. நடந்து நடந்துதான் இப்படிக் கிடக்கேன். ஏன் வரலன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? அதைத் திருத்துங்க. என் தங்கச்சியாவது தப்பிக்கட்டும்."

ஒரு சொல் தடுமாறவில்லை. தலைமை ஆராய்ச்சியாளருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"மாடியேறி வந்திருக்கீங்க. நின்னுக்கிட்டே இவ்வளவு தெளிவா பேசுறீங்க. எங்களுக்கு இதைவிட என்னம்மா வேணும்?"

கூட்டம் கைதட்டியது. "ஐயா, என்னைத் தூக்கிட்டு வந்தாங்க" என்றாள். கைதட்டலில் யார் காதிலும் விழவில்லை. நாற்காலியில் சரிந்தாள். அதற்குள் அடுத்தவரைப் பேசக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை. தையல்காரியால் தலையைக்கூடத் தூக்க முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தங்கை ஷூ மாட்டினாள்.

"உங்க அக்காவே மாடியேறி வந்தாங்களாமேன்னு டாக்டர் என் வாயை அடைச்சுட்டாருக்கா. நடக்கலன்னா இனிமே பார்க்கவே வரவேண்டாமாம். நான் என்னக்கா பண்ண?"

தையல்காரி கையை நீட்டித் தங்கையின் சட்டை நுனியைப் பிடித்தாள். பிடி நிற்கவில்லை. தங்கை அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துவிட்டு, நடக்கப் போனாள்.