ஒன்பதை முழுங்கிய வரிசை

கம்ப்யூட்டரின் பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸ் புரோகிராமை எழுதியது அண்ணி. அதைச் சோதிப்பது நான். ஒரே ஆபீஸ், எதிரெதிர் மேசை. சர்வீஸ் வேறு வேலையில் மூழ்கியிருக்கும்போது பத்து சிக்னல் அனுப்பினால், பத்தும் வரிசையில் காத்திருந்து போய்ச் சேர வேண்டும். அந்தப் பத்தையும் அனுப்ப நான் எழுதிய குட்டி புரோகிராமை, என் ஷெல் ஸ்கிரிப்டை, ஓட்டினேன். வந்ததைக் குறித்துவைக்கும் லாகில் விழுந்தது ஒன்றே ஒன்று.

"அண்ணி, உங்க வரிசை ஒன்பதை முழுங்கிடுச்சு!" என்று காலை முழுக்க ஆபீஸே அதிரக் கத்தினேன்.

அண்ணி டீயோடு எழுந்து வந்தார். "யாருக்குத் தம்பி அனுப்புறே?"

"ஓடுற புரோகிராம்ல எது பேருல உங்க சர்வீஸ் பேரு இருந்தாலும் அதுக்கு."

"உன் ஸ்கிரிப்ட் பேரு என்ன?"

சர்வீஸ் பெயரோடு 'டெஸ்ட்' என்று சேர்த்துத்தான் வைத்திருந்தேன். சர்வீஸுக்கு முதல் சிக்னலைக் கொடுத்த கையோடு தனக்கும் ஒன்று அனுப்பிக்கொண்டு, அதை வாங்கத் தெரியாமல் ஸ்கிரிப்ட் செத்திருக்கிறது. மீதி ஒன்பது கிளம்பவே இல்லை.

ஸ்கிரிப்டுக்கு 'அண்ணி மேல் தப்பில்லை' என்று பெயர் மாற்றி ஓட்டினேன். பத்தும் வரிசை பிசகாமல் வந்து சேர்ந்தன.

அண்ணி புதுப் பெயரைப் படித்தார். டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"காலையில கத்தின அதே சத்தத்துல இதையும் படி."