தூணுக்கு இடது பக்கம்

கால்பந்து மைதானத்தின் கிழக்கு கேலரியில் ஏழாவது தூண் எவ்வளவு பருமன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு அளவு சொல்வார்கள். அந்தத் தூணுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் பதினாறு வருடம் ஆட்டம் பார்த்துவிட்டு, கடைசியில் பல் டாக்டரிடம் காத்திருந்தபோதுதான் முதல்முதலாக அறிமுகமானார்கள். இரண்டு பேரும் அண்ணன் தம்பி என்று சிலர் சேர்த்துச் சொல்வதுண்டு. அது கொஞ்சம் அதிகம். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிதான்.

கூரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருமுறை உதைத்த பந்து இரும்புச் சட்டங்களுக்கு நடுவே போய்ச் சிக்கிக்கொண்டது. பலத்த காற்று அடித்த ஒரு நாள் அது தானாகக் கீழே வந்து விழுந்தது. அதற்குள் உதைத்தவர் ஓய்வு பெற்று, வழுக்கை விழுந்து, மூன்றாவது வரிசையில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். பந்து அவர் மடியில்தான் விழுந்தது. கேலரியில் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். யாரும் யாரையும் மறுத்ததில்லை.

மறுத்தவர் ஒரே ஒருவர்தான். குழாய்க்காரர்.

நாற்பது வருடம் வீடு வீடாகத் தண்ணீர்க்குழாய் பொருத்திய மனிதர். அரை அங்குலம் தப்பினால் வீட்டுக்காரியின் அடுப்படி குளமாகிவிடும் என்கிற தொழில். அதனால் பேச்சிலும் அரை அங்குலம் கூட்ட மாட்டார். "பந்து அவர் மடியில விழல. ரெண்டு சீட்டு தள்ளி விழுந்துச்சு" என்பார். அவரோடு பேசிக்கொண்டிருப்பது பாதி நேரம் ரசீது படிப்பது போல இருக்கும்.

அவர் மனைவி நேர் எதிர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுக்கிற வேலை. கேலரியில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்சேஞ்ச் அக்கா. அவள் இரைந்து பேசினால் வெளியூருக்குக் கம்பியே தேவையில்லை.

இருவரும் ஏழாவது தூணுக்கு நேர் பின்னால் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தார்கள். யாரும் சீண்டாமல் கிடந்த இரண்டு இருக்கைகளைக் கல்யாணமான புதிதில் குழாய்க்காரர்தான் தேடிப் பிடித்து, வருடம் முழுவதற்கும் பதிவு செய்துவிட்டு, புலியைப் பிடித்தவர் போல வீட்டுக்கு வந்தார். முதல் நாள் போய்ப் பார்த்தால் எதிரே தூண். இரண்டு இருக்கைக்கும் நடுவே நட்டுக்குத்தலாக நின்றது. வலது இருக்கையில் உட்கார்ந்தால் வலது கோல் தெரியும், இடது தெரியாது. "பரவால்ல, நான் இடது பக்கம் உக்காந்துக்கறேன். என் பக்கம் நடக்கறத நான் சொல்றேன், உங்க பக்கம் நடக்கறத நீங்க சொல்லுங்க. ரெண்டையும் ஒட்டிக்கலாம்" என்றாள் அவள்.

அன்றிலிருந்து அப்படித்தான். பந்து வலது பக்கம் போனால் அவர் சொல்வார்.

"பதினெட்டு அடியிலேருந்து அடிச்சான். கம்பத்துக்கு ஒரு சாண் வெளிய போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. வெளிய போச்சு."

இடது பக்கம் போனால் அவள் பிடித்துக்கொள்வாள். பின்காப்பு ஆட்டக்காரன் தடுக்கி விழுந்து, எழுந்து, எழுந்த வேகத்தில் தன் கட்சிக்காரனையே தள்ளிவிட்டது, கோல்கீப்பர் கொட்டாவி விட வாயைத் திறந்தது, பந்து அவன் காதை உரசிக்கொண்டு உள்ளே போனது என்று அடுக்குவாள். அக்கம்பக்கத்தில் தெளிவாகப் பார்த்தவர்கள்கூட அவள் சொல்வதைக் கேட்கத் திரும்புவார்கள்.

"நல்ல கோல் எல்லாம் உன் பக்கமே விழுது" என்று குழாய்க்காரர் முப்பத்தொரு வருடம் குறைப்பட்டுக்கொண்டார். ஒருமுறை இடம் மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்டார். "என் சீட்டு எனக்கு. வேணும்னா தூணத் தள்ளி வெக்கச் சொல்லுங்க" என்றாள். அவர் விட்டுவிட்டார்.

அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அவர் கேலரிப் பக்கம் வரவில்லை. பாதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் என்ன செய்வது.

இப்போது வந்திருப்பதற்குக் காரணம் இருந்தது. திங்கட்கிழமை கிழக்கு கேலரியை இடிக்கிறார்கள். அங்கே தூணே இல்லாத புதிய கட்டடம் எழும்பப் போகிறதாம். அதன் வாசலில், பழைய கேலரியின் ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் ஒரு நினைவைப் பதிவு செய்து, வருகிறவர்கள் கேட்கும்படி வைக்கப் போகிறார்கள். பிளாக்குக்கு ஒன்றே ஒன்று. குழாய்க்காரரின் பிளாக்கில் எல்லோரும் ஒரே பேச்சாக ஷூ கோலைத் தேர்ந்தெடுத்தார்கள். சொல்ல வேண்டியவர் அவர்தான் என்றும் முடிவு செய்தார்கள். ஏனென்றால் அது அவள் சொன்ன கோல்.

ஊர் அணி தன் வாழ்நாளில் வாங்கியது ஒரே ஒரு கோப்பை. அதை வாங்கித் தந்தது அந்தக் கோல். ஒன்பதாம் நம்பர்காரன் ஓங்கி உதைக்கிறான். பந்தோடு சேர்ந்து அவன் ஷூவும் கழன்று பறக்கிறது. கோல்கீப்பர் பாய்ந்து, அற்புதமாக, ஷூவைப் பிடித்துவிடுகிறான். பந்து பக்கத்திலேயே உருண்டு உள்ளே போகிறது. இதை அன்று அவள்தான் மூச்சு விடாமல் சொன்னாள். மறுவாரத்திற்குள் ஊரே சொன்னது.

அவள் குரலை யாரும் பிடித்து வைக்கவில்லை. வீட்டில் இருப்பது பேசாத படங்கள்தான். அவள் சொன்னதில் ஒன்றாவது நிலைக்கட்டும் என்பது மட்டும்தான் குழாய்க்காரரின் ஆசை. அதை ஒரு சொல் குறையாமல் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தார்.

பதிவு செய்யும் பெண் கீழே மேசை போட்டிருந்தாள். முன்னால் ஆறு பேர் இருந்தார்கள். குழாய்க்காரருக்கு ஒரு சந்தேகம். ஒன்பதாம் நம்பர்காரன் எத்தனை அடி தூரத்திலிருந்து உதைத்தான் என்று மனைவி சொன்னதே இல்லை. அளவு இல்லாமல் எப்படிச் சொல்வது? அவள் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு கணக்குக் கிடைக்கும் என்று மேலே ஏறினார்.

இடது இருக்கையில் உட்கார்ந்தார். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை.

வலது பக்கம் தூண். இடது பக்கம் மாடிப்படியின் பக்கச்சுவர், அதன் மேல் ஆளுயரத்துக்கு ஒரு தகர விளம்பரப் பலகை. இரண்டுக்கும் நடுவே கதவிடுக்கு அளவுக்குக் கொஞ்சம் புல்.

கோல் இல்லை.

அவர் சற்று முன்னால் நகர்ந்து பார்த்தார். பின்னால் சாய்ந்தார். எழுந்து நின்றார், அவள் உயரத்துக்குக் கொஞ்சம் குனிந்தார். பழக்க தோஷத்தில் சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துச் சுவர் வரை பிடித்தார். நாலரை அடி. அந்தச் சுவரை அவர் முப்பத்தொரு வருடமாகப் பார்த்திருக்கிறார். அது எதை மறைக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

சுவர் மறைக்காத முன் பெஞ்சில் முடிவெட்டுகிறவர் உட்கார்ந்திருந்தார். அந்த இடமும் முதல் நாளிலிருந்தே அவருடையதுதான். எக்ஸ்சேஞ்ச் அக்காவை அக்கா என்று கூப்பிட்டதால் குழாய்க்காரர் அவருக்கு மாமா.

"இந்தச் சுவர் எப்ப வந்துச்சு?" என்று தெரிந்தும் கேட்டார் குழாய்க்காரர்.

முடிவெட்டுகிறவர் திரும்பிப் பார்த்தார். மாமா உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அங்க ஏன் மாமா உக்காந்தீங்க?"

"எப்ப வந்துச்சுன்னு கேட்டேன்."

"கேலரி கட்டின அன்னிக்கே வந்துச்சு."

பிறகு முடிவெட்டுகிறவர் தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் காட்டினார். விரல்களை மூடினார், விரித்தார்.

"மூடியிருந்தா தடுத்துட்டான். விரிச்சிருந்தா கோல். ஒரு விரல் மட்டும்னா வெளிய போச்சு. மொத நாளே அக்கா என் தோளத் தட்டிச் சொல்லிட்டாங்க. 'தம்பி, எனக்கு இங்கேருந்து ஒரு மண்ணும் தெரியல. அவரு அவ்ளோ ஆசையா பிடிச்சுட்டு வந்திருக்காரு, தெரிஞ்சா சங்கடப்படுவாரு. நீ கையில சொல்லு, மீதிய நான் பாத்துக்கறேன்'னு."

குழாய்க்காரர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை முதுகில் ஊர்வதை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். வேர்க்குரு என்று நினைத்து ஒரு முறை பவுடர் டப்பாவே வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"போட்டுக்கிட்டேன் மாமா. நல்ல பவுடர்" என்றார் முடிவெட்டுகிறவர்.

"ஷூ கோல்?"

"அத விடுங்க."

"சொல்லுடா."

முடிவெட்டுகிறவர் மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னார். "கடைசி நிமிஷம். என் செருப்பு பெஞ்சுக்கு அடியில போயிருச்சு. குனிஞ்சு, கையப் பின்னால விட்டுத் துழாவினேன். அஞ்சு விரலயும் விரிச்சு. அக்கா அதப் பாத்துட்டு கோல்னு கத்திட்டாங்க. அவங்க குரல்தான் தெரியுமே. அடுத்த நொடி நம்ம பிளாக்கு எந்திரிச்சுது, அப்புறம் மொத்தக் கேலரியும். நிமிர்ந்து பாத்தா லைன்ஸ்மேன் நேர் கீழ நின்னான், பந்து கோடு தாண்டிச்சா இல்லயான்னு முழிச்சிட்டு. இந்தச் சத்தத்தக் கேட்டதும் கொடியத் தூக்கிட்டான். ரெஃப்ரி விசில் அடிச்சுட்டான்."

"தாண்டிச்சா இல்லயா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் பெஞ்சுக்கு அடியில இருந்தேனே."

"அப்ப ஷூ?"

"நான் நிமிரும்போது கையில செருப்பு இருந்துச்சு. நீங்க பக்கத்துல 'எப்படிப் போச்சு, எப்படிப் போச்சு'ன்னு பிடுங்கறீங்க. அக்கா பாவம், கண்ணுல பட்டத வெச்சுச் சொல்லிட்டாங்க."

வேறு யாரைப் பற்றியாவது இதைச் சொல்லியிருந்தால் குழாய்க்காரரே சிரித்திருப்பார். கோப்பையை வாங்கிக் கொடுத்தது ஒன்பதாம் நம்பர்காரன் இல்லை, தன் பெண்டாட்டியின் தொண்டை என்பது சாதாரண விஷயமா? கேலரியின் சரித்திரத்திலேயே பெரிய கதை அதுதான். அதுவும் உண்மைக் கதை. கீழே போய் அதைச் சொல்லிவிட்டால் அவள் பெயர் நிலைத்துவிடும்.

ஆனால் அதைச் சொன்னால் சுவரையும் சொல்ல வேண்டும். தூணுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பெண்ணை முப்பத்தொரு வருடம் உட்கார வைத்தவன் யார் என்று சொல்ல வேண்டும்.

கடைசி வருடம் நினைவுக்கு வந்தது. அவளுக்கு உடம்பு முடியாத நாட்கள். பந்து இடது பக்கம் போய்ப் பெரும் கூச்சல் எழுந்தும் அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். "என்ன, தூங்கறியா? ஒழுங்காப் பாத்துச் சொல்லேன்" என்று அவர் சலித்துக்கொண்டார். "பாத்துட்டுத்தான் இருக்கேன். இன்னிக்கு ஒன்னும் சரியா விளையாடல" என்றாள்.

கீழிருந்து கூப்பிட்டார்கள். அவர் முறை.

அந்தப் பெண் சட்டைப் பொத்தானில் ஒலிவாங்கியை மாட்டிவிட்டு, "நிதானமா சொல்லுங்க ஐயா" என்றாள். முடிவெட்டுகிறவர் பின்னால் வந்து நின்றார். கைகளை முன்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

குழாய்க்காரர் சொன்னார். ஒன்பதாம் நம்பர்காரன் ஓங்கி உதைத்ததையும், ஷூ பறந்ததையும், கோல்கீப்பர் பாய்ந்து அதைப் பிடித்ததையும், பந்து உருண்டதையும் சொன்னார். ஒரு சொல் விடவில்லை. ஆனால் அவர் வாயில் அது குழாய்க்கு அளவு சொல்வது போலத்தான் வந்தது. அவள் சொல்லும்போது பாய்ந்த கோல்கீப்பர் அவர் சொல்லும்போது படுத்துக்கொண்டான்.

அந்தப் பெண் சிரித்தாள். "நீங்களே பாத்தீங்களா ஐயா?"

"நான் வலது பக்கம். என் வீட்டுக்காரி பாத்தா."

"அவங்க சீட்லேருந்து நல்லாத் தெரியுமா?"

முடிவெட்டுகிறவர் தரையைப் பார்த்தார்.

வாழ்நாளில் அரை அங்குலம் கூட்டிப் பேசாத மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதான் இந்தக் கேலரியிலயே நல்ல சீட்டும்மா. கோல்கீப்பர் மூச்சு விடறது வரைக்கும் தெரியும். எனக்குக் குடுடின்னு எவ்வளவோ கேட்டுப் பாத்தேன். குடுக்கல."

அந்தப் பெண் நன்றி சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டாள். முடிவெட்டுகிறவர் ஏதோ சொல்ல வந்தார். "நீ கெளம்பு. கடையப் போட்டுட்டு வந்திருக்க" என்றார் குழாய்க்காரர். முடிவெட்டுகிறவர் மாமாவின் கையை ஒரு முறை பிடித்துவிட்டுப் போனார்.

கேலரியைச் சாத்த அரை மணி நேரம் இருந்தது. குழாய்க்காரர் மறுபடி மேலே ஏறி இடது இருக்கையில் உட்கார்ந்தார். விடைபெற வந்தவர்கள் சிலர் மைதானத்தில் இறங்கி, யாரோ கொண்டுவந்த பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் நடுத்தர வயது தொப்பைகள். இடுக்கு வழியாக ஒருவர் ஓடிவருவது தெரிந்தது, காலைத் தூக்குவது தெரிந்தது. பந்து இடது பக்கம் போனது. சுவருக்குப் பின்னால் மறைந்தது.

பெரிய கூச்சல் எழுந்தது.

உள்ளே போனதா, தடுத்துவிட்டார்களா, தெரியவில்லை. முன் பெஞ்ச் காலியாக இருந்தது. அவர் சுவரைப் பார்த்தார். அவளாக இருந்தால் இதற்குள் பாதி சொல்லியிருப்பாள்.

"தொப்பைக்காரன் ஓடி வரான்" என்று மெல்ல ஆரம்பித்தார். "உதைக்கறான். பந்து..."

கொஞ்சம் பொறுத்து மறுபடி, "பந்து..." என்றார்.

அதற்கு மேல் வரவில்லை. கீழே கூச்சல் அடங்கிவிட்டது.